காந்த அறைக்குள் போன கைத்துப்பாக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

வலுவான காந்தத்தைக் கொண்டு உடலை ஸ்கேன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பிரிவில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு, காந்தத்தில் சிக்கிய சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் படங்களைக் காட்டுவது வழக்கம். நானும் காட்டுவேன். ஆனால் அதற்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு ஸ்கேன் மையத்தில் நடந்த துப்பாக்கிச் சம்பவத்தைச் சொல்லிவிடுவேன். அதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர் தானாகவே முன்வந்து சொன்னார். கேட்டுக்கொண்டவரும் காதில் வாங்காமல் விடவில்லை, ஒரு திட்டத்தோடுதான் பதில் சொன்னார். அப்படியிருந்தும் ஸ்கேன் அறைக்குள் குண்டு வெடித்தது.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நடந்த இந்த நிகழ்வு, 2002ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவ இதழ் ஒன்றில் முழு விவரத்தோடு வெளியானது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இல்லை, இங்கேயும் தேவையில்லை.

பின்னணி

நிகழ்விடம் பெரிய மருத்துவமனை அல்ல. வெளிநோயாளிகள் வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகும் தனி மையம். வாசலில் பாதுகாப்புச் சோதனை, மெட்டல் டிடெக்டர் எல்லாம் இருக்கும் வகை இடமில்லை. நோயாளி ஒரு காவல்துறை அதிகாரி. அன்று அவர் பணியில் இல்லை. தன் ஸ்கேனுக்காக வந்திருந்தார். அவரிடம் இருந்தது கோல்ட் 1991 ஏ1 காம்பாக்ட் என்ற .45 அளவு கைத்துப்பாக்கி. குழலுக்குள் ஒரு தோட்டா ஏற்றி, தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியைப் பின்னால் இழுத்து, தவறுதலாகச் சுடாமல் தடுக்கக் கட்டைவிரலால் போடும் சேஃப்டி போடப்பட்ட நிலை. இந்த வகைத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்பவர்கள் பலர் இப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். அவர் கணக்கில் அது பாதுகாப்பான நிலை.

பணியில் இல்லாத போலீஸ்காரர் ஏன் ஸ்கேன் எடுக்கத் துப்பாக்கியோடு போகிறார் என்ற கேள்வி நம் ஊரிலிருந்து பார்க்கும்போது வரும். இங்கே பணி முடிந்ததும் ஆயுதம் பெரும்பாலும் நிலையத்துக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவில் நடைமுறை வேறு. பணியில்லாத நேரத்திலும் காவலர் ஆயுதம் வைத்திருப்பது அங்கே சாதாரணம். 2004ல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், தகுதியுள்ள காவலர்கள் நாடு முழுவதும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றே ஆக்கிவிட்டது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: தனியார் தங்கள் இடத்தில் மறைத்துக் கொண்டுவரும் துப்பாக்கியைத் தடுக்க மாநிலச் சட்டம் உரிமை கொடுத்திருந்தால், அந்த உரிமை அப்படியே இருக்கும். போலீஸ்காரர் என்பதற்காக அது போய்விடாது.

பொதுமக்கள் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. டெக்சாஸில் இட உரிமையாளர் பலகை வைத்துத் தடுக்கலாம்; எழுத்து குறைந்தது 1 அங்குல உயரம் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும் என்பது வரை சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஹவாய் 2023ல் இதைத் தலைகீழாக்கி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்துக்குள் உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் துப்பாக்கியோடு வரலாம் என்றது. அதை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த வாதங்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன: கொண்டு வரலாமா, கூடாதா? கூடாது என்றால், கொண்டு வந்துவிட்டவர் அதை எங்கே வைப்பது என்பதைப் பலகை சொல்வதில்லை. இந்த நிகழ்வு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

இனி காந்தம். அங்கே இருந்தது 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) இயந்திரம், நம் ஊர் ஸ்கேன் மையங்களில் இன்றும் அதிகம் பார்க்கும் அளவுதான். பூமியின் காந்தப் புலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரவு விளக்கணைத்துப் பூட்டிப் போனாலும், அந்தப் புலம் அப்படியே இருக்கும். இரும்பைப் பிடித்து இழுக்கும் விசை தூரத்தோடு மெல்ல மெல்லக் குறைவதில்லை. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும்போது கையில் எதுவும் தெரியாது. இன்னும் ஓரடி, ஈரடி உள்ளே வைத்தால் பொருள் கையை விட்டுப் பறந்துவிடும். புதியவர்களை ஏமாற்றுவது இதுதான். உள்ளே நுழைந்தவுடன் எதுவும் நடக்காததால், ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நடந்தது

அதிகாரி உடை மாற்றும் அறைக்குள் போவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். டெக்னீஷியன், அதை உங்களோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அதிகாரி உடை மாற்றிக்கொண்டு வந்ததும், ஸ்கேன் அறைக்குப் போகும் முன் அவரைச் சந்தித்து, துப்பாக்கியை வாங்கி, பொதுமக்கள் கைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைப்பது.

அதிகாரிக்குப் புரிந்தது வேறு. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு வந்தார். இடையில் நடக்க வேண்டிய சந்திப்பு நடக்கவில்லை. அவர் நேராக ஸ்கேன் அறைக்குள் போனார், துப்பாக்கியோடு.

உள்ளே, நோயாளி படுக்கும் காந்தக் குழாயின் வாயிலிருந்து சுமார் 3 அடி தள்ளி ஓர் அலமாரி இருந்தது. அதன் மேல் துப்பாக்கியை வைக்கப் போனார். வைக்கும்போதே காந்தம் அதை இழுத்துக்கொண்டது. பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. துப்பாக்கி குழாய்க்குள் பறந்து போய் இடது பக்கச் சுவரில் மோதியது. மோதிய வேகத்தில் தானாகவே ஒரு குண்டு வெடித்து, காந்தத்துக்குப் பின்னால் இருந்த அறைச் சுவரில் பாய்ந்தது. துப்பாக்கி விசையில் (டிரிகரில்) யார் விரலும் இல்லை.

யாருக்கும் காயமில்லை. குழாய்க்குள் அப்போது யாரும் படுத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் நிற்கவுமில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

டெக்னீஷியனைக் குறை சொல்வது சுலபம். அவர் இடத்தில் நின்று பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை. அவர் முன்னால் இருந்த வழிகள் என்ன? காரில் வைத்துவிட்டு வரச் சொல்லலாம். ஆனால் நிறுத்தியிருக்கும் காரை உடைத்துத் துப்பாக்கியைத் திருடிக்கொண்டு போவது அங்கே நடக்காத விஷயமல்ல. உடை மாற்றும் அறையிலேயே விட்டுவரச் சொல்லலாம். அடுத்து உள்ளே வரும் நோயாளியோ கூட வந்த குழந்தையோ அதை எடுத்தால்? இரண்டும் வேண்டாம், அவரிடமே இருக்கட்டும், நான் கையோடு வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் முடிவு செய்தார். திருட்டு, குழந்தை, பொதுமக்கள் என்ற கோணத்தில் பார்த்தால் அதுதான் சரியான முடிவு.

அதிகாரியின் பக்கமும் அப்படித்தான். ஆயுதம் கண்ணை விட்டு மறையக் கூடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம். எடுத்துக்கொண்டு வரச் சொன்னபோது அவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அலமாரி மேல் வைத்துவிட்டு, படுத்துக்கொண்டே பார்வையில் வைத்திருக்கலாமே.

இருவரும் பேசியது ஒரு துப்பாக்கியைப் பற்றி. அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எஃகு என்பது அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. அதே மனிதர் கையில் ஒரு சுத்தியலோடு வந்திருந்தால், டெக்னீஷியன் நிச்சயம் அதை வாசலிலேயே வாங்கி வைத்திருப்பார். துப்பாக்கி என்றதும் நினைப்பு சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் போய்விட்டது, இயற்பியல் மறந்துபோனது.

அடுத்த முடிவு, சிக்கிய துப்பாக்கியை எப்படி எடுப்பது என்பது. உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் போனது. கையால் எடுக்க ஒரு முயற்சி நடந்தது. துப்பாக்கி வெளியே வருவதற்குப் பதில் காந்தத்தின் மறுபக்கத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. முழு நிகழ்விலும் எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இடம்தான். தானாக ஒரு முறை வெடித்த துப்பாக்கி; அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருக்குமா இல்லையா என்பது பார்வைக்குத் தெரியாது; அதைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முயற்சி பலிக்காததால் காந்தத்தின் புலத்தையே இறக்கிவிடுவது என்று முடிவானது.

காந்தத்தை இறக்குவது சுவிட்சை அணைக்கும் வேலை அல்ல. கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பதால்தான் அதில் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து அந்த மின்சாரத்தைப் படிப்படியாக வெளியே எடுக்க வேண்டும். அவசரச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஹீலியம் கொதித்து ஆவியாகி, காந்தப் புலம் சீக்கிரம் மறைந்துவிடும். இதைக் குவென்ச் என்பார்கள். அந்தப் பொத்தான், இயந்திரத்தோடு மனிதர் யாராவது நசுங்கிக் கிடக்கும்போதுதான் உதவும். ஹீலியத்தின் விலை ஒரு பக்கம் இருக்க, வெளியேறும் குழாய் அடைத்திருந்தால் வாயு அறைக்குள்ளேயே நிரம்பி ஆக்சிஜனை விரட்டிவிடும். இங்கே யாரும் சிக்கவில்லை. அதனால் பொறியாளரை வரவழைத்தது சரியான முடிவு. இயந்திரத்துக்கு மேலோட்டமான சேதம்தான்.

சேஃப்டி போட்டிருந்தும் ஏன் வெடித்தது?

காவல்துறைக்கும் சரி, மருத்துவர்களுக்கும் சரி, புதிராக இருந்தது இதுதான். கட்டைவிரல் சேஃப்டி போட்ட நிலையிலேயே இருந்தது. சுத்தி பின்னால் இழுத்தபடியே நின்றது, அது விழவே இல்லை. சுத்தி அடிக்காமல் குண்டு எப்படி வெடிக்கும்?

தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைப்பது ஒரு சின்ன ஊசி. துப்பாக்கி கீழே விழுந்தால் அந்த ஊசி தானாக முன்னால் போய்விடக் கூடாது என்பதற்காக, இந்த மாடலில் குறுக்கே ஒரு தடுப்பு முளை வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி விசையை இழுத்தால் மட்டும் அந்த முளை மேலே போகும், ஊசிக்கு வழி கிடைக்கும். மற்ற நேரத்தில் அதைக் கீழே அழுத்திப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. காந்தம் அந்த முளையை மேலே இழுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தடுப்பு விலகிவிட்டது. துப்பாக்கி முனை முன்னால் இருக்கும்படி பறந்து போய் மோதியதால், உள்ளே சும்மா கிடந்த ஊசி அதே வேகத்தில் முன்னால் ஓடித் தோட்டாவைக் குத்திவிட்டது.

அதாவது, விபத்தைத் தடுக்க வைத்த பாகமே, சுற்றிலும் காந்தப் புலம் இருந்ததால் வேலை செய்யாமல் போனது. துப்பாக்கி செய்தவர்கள் கீழே விழுவது, ஆடையில் மாட்டுவது, குழந்தை கையில் கிடைப்பது பற்றியெல்லாம் யோசித்திருப்பார்கள். 1.5 டெஸ்லாவை ஏன் யோசிக்கப் போகிறார்கள்? சேஃப்டி போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும் உறுதிமொழிக்கு இந்த அறையில் மதிப்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதன் பிறகு

இந்த நிகழ்வை 2002ல் அந்த இதழில் எழுதியவர்களில் ஒருவரான இமானுவேல் கனால், எம்.ஆர்.ஐ. பாதுகாப்பில் முன்னோடி. 2001 ஜூலையில் அதே நியூயார்க் மாநிலத்தின் இன்னொரு மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்து அடித்து ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி அமைத்த குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். 2002ல் அந்தக் குழு கொடுத்த வழிகாட்டுதலில் வந்ததுதான் நாம் இன்று பயன்படுத்தும் நான்கு மண்டல முறை: முதலாவது எல்லோரும் நடமாடும் பகுதி, இரண்டாவது வரவேற்பும் விசாரிப்பும், மூன்றாவது சோதித்து அனுப்பியவர் மட்டும் நுழையும் பகுதி, நான்காவது காந்தம் இருக்கும் அறை. துப்பாக்கி நிகழ்வை இதில் பொருத்திப் பார்த்தால் தவறு எங்கே என்பது பளிச்சென்று தெரியும். ஆயுதம் பற்றிய பேச்சு சரியான இடத்தில் தொடங்கியது, ஆனால் அங்கேயே முடியவில்லை. முடிவை அடுத்த மண்டலத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்.

சரி, அதற்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டதா? 2017 ஜூனில் லக்னோவில் ஓர் அரசு மருத்துவ நிறுவனத்தில், அமைச்சர் ஒருவரோடு வந்த மெய்க்காவலர் துப்பாக்கியோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். துப்பாக்கி காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது, ஸ்கேன் சேவை நின்றுபோனது. 2023 ஜனவரியில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில், தாயின் ஸ்கேனுக்குத் துணையாக வந்த ஒரு வழக்கறிஞர், மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் உள்ளே போனார். துப்பாக்கி வெடித்துக் குண்டு வயிற்றில் பாய்ந்தது. மூன்று வாரம் போராடி பிப்ரவரியில் இறந்தார். துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது. உலோகம் எல்லாவற்றையும் கழற்றிவிடும்படி அவரிடமும் தாயிடமும் சொல்லியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 57 வயதுப் பெண் ஒருவர், ஆயுதம் இருக்கிறதா என்ற கேள்வி உள்ள படிவத்திலேயே இல்லை என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். துப்பாக்கி வெடித்துப் பிட்டத்தில் காயம், நல்லவேளையாகச் சிறியது.

2002ல் வந்த நிகழ்வில் சொன்னவருக்கு விபத்து. பிந்தைய இரண்டில் சொல்லாதவர்களுக்கு விபத்து. ஏன் சொல்வதில்லை என்பதை நான் கொஞ்சம் புரிந்துகொள்கிறேன். நம் பெண்களிடம் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருக்கும். அது பொய்யில்லை, நினைப்பில் இல்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் அது ஊக்கு மாதிரி உடம்போடு சேர்ந்துவிடுகிறது. உலோகம் என்ற சொல் அதைத் தொடுவதில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் மாற்றம் மிகச் சிறியது. அந்த மையத்தின் இரண்டாவது மண்டலத்தில் ஒரு பூட்டு அலமாரி இருந்திருந்தால், டெக்னீஷியன் அங்கேயே கைகாட்டியிருப்பார். அதிகாரி தானே வைத்து, தானே பூட்டியிருப்பார். டெக்னீஷியன் அதைக் கையில் வாங்கவே கூடாது, தோட்டாவைக் கழற்றச் சொல்லவும் கூடாது. துப்பாக்கி தெரியாத ஒருவரும், காந்தம் தெரியாத ஒருவரும் வராந்தாவில் நின்று தோட்டா கழற்றுவது இன்னொரு விபத்துக்கு ஏற்பாடு. பூட்டு எண் பூட்டாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாவியும் சேர்ந்து உள்ளே போகும்.

இரண்டாவது, அப்பாயின்ட்மெண்ட் கொடுக்கும் போன் அழைப்பிலேயே சொல்லிவிடுவது. காவல்துறை அதிகாரி என்றால், நிலையத்திலோ வீட்டிலோ வைத்துவிட்டு வருவதே எல்லாவற்றையும்விட மேல். வாசலில் வந்து நின்ற பிறகு யோசிப்பது தாமதம்.

மூன்றாவது, நோயாளியைக் கேட்பது போலவே துணைக்கு வருபவரையும், அதே கேள்விகளால், பொருளின் பெயர் சொல்லிக் கேட்பது. சாவோ பாலோவில் இறந்தவர் நோயாளியே அல்ல.

பலகைகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தனியார் இடத்தில் ஆயுதத்தைத் தடுக்கும் உரிமை மருத்துவமனைக்கு இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த உரிமையைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டு நிர்வாகம் கைகழுவிவிட்டால், எஞ்சியதைச் சம்பளம் குறைந்த ஓர் ஊழியர் வாசலில் நின்று அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த நிகழ்வில் அந்த டெக்னீஷியனுக்குக் கிடைத்ததும் அரை நிமிடம்தான் இருக்கும்.

எங்கள் பிரிவில் வி.ஐ.பி.களோடு கன்மேன் வருவதுண்டு. முன்பெல்லாம், "சார், நீங்க வெளியிலேயே நில்லுங்க" என்பதோடு முடித்துக்கொள்வோம். அவர் ஐயாவை விட்டு நகர மாட்டேன் என்பார், வாக்குவாதம் வளரும். இந்த நிகழ்வைப் படித்த பிறகு வரவேற்பு மேசை பக்கத்தில் ஒரு பூட்டு அலமாரி வைத்தோம். கேள்வித்தாளில் "துப்பாக்கி, கத்தி, கத்தரிக்கோல்" என்று பெயர் போட்டு ஒரு வரி சேர்த்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்விட்டுக் கேட்கச் சொன்னோம். கேட்பவர்களுக்கே சிரிப்பாக இருந்தது.

முதல் வாரத்தில் முதுகு ஸ்கேனுக்கு ஒரு பாட்டி வந்தார். கழுத்தில் காதில் எதுவும் இல்லை, எல்லாம் மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். இரும்பு கிரும்பு ஒன்றும் கிடையாதப்பா என்றார். எங்கள் பிரிவில் வேலை செய்யும் பையன் விடாமல், "பாட்டி, கத்தி மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். பாட்டி கொஞ்சம் யோசித்து, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, அதற்கு அடியில் நல்ல கனமான ஒரு பாக்குவெட்டி.

"இதை எங்கப்பா வைக்கிறது?" என்றார். பையன் அலமாரியைக் காட்டினான்.